ஆர்25க்கு எக்ஸோஸ் மாத்தணும்: ஸ்லிப்-ஆன் போதுமா, ஃபுல் சிஸ்டம் வேணுமா?

தம்பி கேட்டது சுருக்கமா இதுதான். செகண்ட் ஹேண்ட்ல யமஹா ஆர்25 எடுத்திருக்காரு, கையில 1,500 வெள்ளி (ரிங்கிட்) இருக்கு, எக்ஸோஸ், அதாவது புகைக்குழாய் மாத்தணும், ஸ்லிப்-ஆன் (கடைசி மஃப்ளர் மட்டும்) போடறதா ஃபுல் சிஸ்டம் (எஞ்சின்லேர்ந்து கடைசி வரைக்கும் மொத்தமும்) போடறதா, எதுல பவர் ஏறும், எது சவுண்டு நல்லா இருக்கும், சமானும் (அபராத நோட்டீஸ்) வரக்கூடாது, வீடு எஸ்டேட்ட ஒட்டின தாமான்ல (குடியிருப்புல) இருக்கு. ஆனா கேள்விய திருப்பி திருப்பி படிச்சா அவரு உண்மையா கேக்கறது வேற ஒண்ணு, இந்த 1,500 வெள்ளிய செலவு பண்ணா பைக் வேகமா ஓடுமா இல்ல வேகமா ஓடற மாதிரி சத்தம் மட்டும் வருமா, அதான. நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல பெங்கில் (பைக் ரிப்பேர் கடை) வச்சி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, பால்மரம் வெட்டப் போறவங்க சின்ன கப்சாய் பைக்குலேர்ந்து ஈப்போ பசங்க கொண்டு வர சூப்பர்பைக் வரைக்கும் எக்ஸோஸ் கழட்டி மாட்டியிருக்கேன், அந்த அனுபவத்துலதான் பேசறேன். உங்க பைக்க நான் கண்ணால பாக்கல, முன்னாடி ஓட்டினவன் உள்ள என்ன கைவச்சிருக்கான்னு இங்கேர்ந்து சொல்ல முடியாது. அதனால எது உறுதி, எது என் கணிப்புன்னு அங்கங்க பிரிச்சே சொல்லிடறேன்.

நேரா பதில சொல்லிடறேன், பொறுமை இருக்கறவங்க மீதிய படிங்க. உங்க பைக்குக்குன்னே செஞ்ச, டிபி கில்லரோட (சத்தத்த குறைக்க வாய்ல சொருகற துண்டு) வர நல்ல ஸ்லிப்-ஆன் ஒண்ணு போடுங்க, ஹெட்டர் (எஞ்சின்லேர்ந்து வர முதல் பைப்) பக்கம் கை வைக்காதீங்க, கம்பெனி குடுத்த ஸ்டாக் எக்ஸோஸ துணி சுத்தி பத்திரமா எடுத்து வைங்க. பவருக்காக போடறேன்னு மட்டும் நினைக்காதீங்க. ஆர்25 எஞ்சின் 249சிசி, ரெண்டு சிலிண்டர், சுமார் 36 குதிரை பவர், அதுவும் 12,000 ஆர்பிஎம்ல (எஞ்சின் நிமிஷத்துக்கு சுத்தற சுத்து). பி2 லைசன்ஸ் 250சிசி வரைக்கும்தான்கறதால நம்ம பசங்க நிறைய பேரு இந்த கிளாஸ்லதான் இருக்காங்க, தப்பில்ல, நல்ல பைக். ஆனா ஸ்லிப்-ஆன் மட்டும் மாத்தி அந்த 36ல ஒண்ணு கூடினாலே பெருசு, அதுவும் மேல் ஆர்பிஎம்ல மட்டும். ஃபுல் சிஸ்டம் போட்டு ஒழுங்கா டியூனிங்கும் பண்ணா ரெண்டு மூணு வரலாம், இது என் கணிப்பு, பைக்குக்கு பைக் மாறும். சுங்கை சிப்புட்லேர்ந்து குவாலா கங்சார் போற பழைய ரோட்டுல லாரி பின்னாடி போறப்ப உங்க எஞ்சின் 5,000, 6,000லதான் சுத்தும். அங்க அந்த ரெண்டு குதிரையும் லாயத்துல படுத்துத்தான் கெடக்கும்.

ஏன் அப்படின்னு புரிஞ்சிக்கிட்டா கடைக்காரன் என்ன சொன்னாலும் நீங்களே எடை போடலாம். எக்ஸோஸ் வால்வு திறக்கும்போது புகை மட்டும் வெளிய வரல, ஒரு அழுத்த அலை கிளம்புது. அது பைப்புக்குள்ள செகண்டுக்கு 500 மீட்டருக்கு மேல ஓடுது, சூடான வாயுவுல சத்தத்தோட வேகம் அவ்வளவு. அந்த அலை பைப் திடீர்னு அகலமாகற இடத்துக்கோ திறந்த முனைக்கோ வந்ததும் ஒரு பகுதி வெளிய போகும், மீதி தலைகீழா மாறி, அதாவது உறிஞ்சற அலையா மாறி, வால்வு பக்கம் திரும்பி வரும். அந்த நேரம் பாத்து எக்ஸோஸ் வால்வும் இன்டேக் வால்வும் ரெண்டுமே கொஞ்சம் திறந்திருந்தா, மிச்ச புகைய இழுத்து வெளிய தள்ளி புது காத்தையும் உள்ள இழுத்துவிடும். ஊஞ்சல் ஆட்டற மாதிரிதான் இது, சரியான நேரத்துல தள்ளினா உயரப் போகும், தப்பான நேரத்துல தள்ளினா இருக்கற வேகமும் போயிடும். கணக்கு பாருங்க, 12,000 ஆர்பிஎம்ல ஒரு சுத்துக்கு 5 மில்லி செகண்ட், அதுக்குள்ள அலை 2.5 மீட்டர் ஓடிடும், 6,000ல ஒரு சுத்துக்கு ரெண்டு மடங்கு நேரம், அதே அலை அதே பைப்புல வேற நேரத்துல வந்து சேரும். ஹெட்டர் நீளம் ஒண்ணுதான, அது ரப்பர் மாதிரி இழுத்துக்காது. அதனால எந்த ஹெட்டரா இருந்தாலும் ஒரு ஆர்பிஎம்ல குடுத்தா இன்னொரு ஆர்பிஎம்ல எடுக்கும், இது உறுதி. ரேஸ் ஹெட்டர் மேல குடுக்கறதுக்கு நடுவுல ஒரு பள்ளம் வெட்டும், நீங்க தினம் ஓட்டறது அந்த பள்ளத்துலதான். யமஹாவே இத சரிகட்டறதுக்கு 1987லேர்ந்து சில பைக்குல எக்ஸப்னு எக்ஸோஸுக்குள்ள ஒரு வால்வு வச்சி ஆர்பிஎம்க்கு தக்க திறந்து மூடறான், ஆர்25ல அது கெடையாது.

இதோட சேத்து ஒரு பழைய கதையையும் தூக்கிப் போட்டுடலாம், 'எஞ்சினுக்கு பேக் பிரஷர் (புகைய தடுக்கற எதிர் அழுத்தம்) வேணும், இல்லன்னா டார்க் (இழுவை) போயிடும்'னு பெங்கில் பெங்கிலா சொல்லுவாங்க. ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு பேக் பிரஷர் தேவையே இல்ல. பெரிய பைப் போட்டா கீழ் டார்க் போறது உண்மைதான், ஆனா காரணம் மேல சொன்ன அலையோட நேரம் தப்பறதும், வாயு ஓடற வேகம் கொறையறதும்தான். யமஹாவோட டூ-ஸ்ட்ரோக் பைக் ஆர்எக்ஸ்இசட், 125இசட் காலத்துல பழகின ஆளுங்க அந்தக் கணக்க இங்க கொண்டு வந்துட்டாங்க, அந்த எஞ்சினோட எக்ஸ்பான்ஷன் சேம்பர் (வயிறு பெருத்த எக்ஸோஸ் பைப்) வேற விஷயம், அத இதோட கலக்கக் கூடாது.

சவுண்டுக்கு வருவோம், இதுலதான் பசங்க ரொம்ப ஏமாறாங்க. வீடியோவுல கத்தற கவாசாக்கி இசட்எக்ஸ்-25ஆர் நாலு சிலிண்டர், உங்களது ரெண்டு. அதுலயும் ஆர்25 கிராங்க் (பிஸ்டன் ஆட்டத்த சுத்தா மாத்தற தண்டு) 180 டிகிரி, அதாவது ஒரு சிலிண்டர் வெடிச்ச உடனே 180 டிகிரில அடுத்தது வெடிக்கும், அப்பறம் 540 டிகிரி சும்மா சுத்தும். டக்-டக், இடைவெளி, டக்-டக், அதான் அதோட குரல். எந்த பிராண்ட் கேன் (மஃப்ளர்) போட்டாலும் இந்த தாளம் மாறாது, கேன் குரலோட கனத்தையும் அளவையும்தான் மாத்தும். பத்தாயிரம் வெள்ளி செலவு பண்ணாலும் நாலு சிலிண்டர் விசில் வராது. எம்டி-07 மாதிரியும் வராது, அது 270 டிகிரி கிராங்க். அப்பறம் அந்த வீடியோவெல்லாம் ஃபோன் மைக்ல எடுத்தது, மைக் பெரிய சத்தத்த அமுக்கி சின்ன சத்தத்த தூக்கி காட்டும், அதுவும் பாதி பேரு டிபி கில்லர கழட்டிட்டுத்தான் எடுப்பான். இதே மாடல்ல போட்டிருக்கற ஆளு யாராச்சும் ஈப்போலயோ தைப்பிங்லயோ இருந்தா நேர்ல போய் நின்னு கேளுங்க, ஐடில்லயும் கேளுங்க, 6,000லயும் கேளுங்க, அதுக்கப்பறம் காச எடுங்க.

ஸ்டாக் மஃப்ளர் உள்ள அறை அறையா தடுப்பு வச்சி, சத்தத்த அங்கயும் இங்கயும் மோதவிட்டு ஒண்ண ஒண்ணால அழிக்கிற டைப். அதான் கனமா இருக்கு, நீளமா இருக்கு, அடி சத்தத்தையும் (பேஸ்) நல்லா அடக்குது. வெளில வாங்கற ஸ்லிப்-ஆன் பெரும்பாலும் நேர் பைப், சுத்தி ஓட்டை போட்ட கோர், அதுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவுல கண்ணாடி நாரு இல்ல பசால்ட் நாரு அடைச்சிருக்கும். சத்தத்த உறிஞ்சறது அந்த நாருதான். அந்த நாரு காலாகாலத்துக்கும் நிக்காது, சூட்டுல வெந்து பொடியாகி கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி பறந்து போயிடும், சத்தம் மாசா மாசம் ஏறிக்கிட்டே வரும். ஓட்டறவனுக்கு தெரியாது, பக்கத்து வீட்டுக்காரனுக்கு தெரியும். அதனால வாங்கும்போதே ரிவெட்ட எடுத்து திறந்து நாரு மாத்த முடியுமான்னு பாருங்க. சுத்தி வெல்டு பண்ணி மூடின மலிவு கேன்ல அது முடியாது, நாரு போனா கேனே போச்சு. இன்னொண்ணு, மோட்டோஜிபி ஸ்டைல்னு சொல்லி விக்கற குட்டி கேன், பாக்க அழகுதான், ஆனா உள்ள இடம் இல்ல, இடம் இல்லன்னா அடி சத்தத்த அடக்க முடியாது, இது பிசிக்ஸ், பிராண்ட் பேரு காப்பாத்தாது. எஸ்டேட் ரோட்ட ஒட்டின வீட்டுல இருக்கறவருக்கு நான் நீள கேன்தான் சொல்லுவேன், பசங்க மூஞ்சிய சுளிப்பாங்க, பரவால்ல.

பெட்ரோல் கலவை விஷயத்துல ரெண்டு பக்கமும் மிகைப்படுத்தறாங்க. ஒருத்தன் ஸ்லிப்-ஆன் போட்டா ஈசியு (பெட்ரோல் அளவ முடிவு பண்ற கம்ப்யூட்டர்) மாத்தியே ஆகணும் இல்லன்னா பிஸ்டன் ஓட்டை விழும்பான், இன்னொருத்தன் ஃபுல் சிஸ்டம் போட்டும் ஒண்ணும் வேணாம் ஈசியு தானா கத்துக்கும்பான். ரெண்டும் சரியில்ல. ஓ2 சென்சார் (புகையில ஆக்ஸிஜன அளக்கறது) இருக்கற இன்ஜெக்ஷன் பைக்ல, மிதமான திராட்டில்ல ஓடும்போது ஈசியு அந்த சென்சார பாத்து காத்து-பெட்ரோல் விகிதத்த 14.7 பக்கத்துல திருத்திக்கிட்டே இருக்கும். முழுசா முறுக்கினா சென்சார பாக்காது, கம்பெனி எழுதி வச்ச மேப் படிதான் பெட்ரோல் ஊத்தும், அங்க பவருக்கு 13க்கு கிட்ட வேணும். ஸ்லிப்-ஆன் மட்டும் மாத்தினா காத்தோட்டம் பெருசா மாறாது, மேப்ப தொடாமலே ஓடிடும், நான் மாட்டிவிட்டதுல அந்த ஒரு காரணத்துக்காக எஞ்சின் போனத பாத்ததில்ல. ஹெட்டரும் மாத்தி, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் (புகைய சுத்தம் பண்ற பாகம்) எடுத்து, ஏர் ஃபில்டரும் மாத்தினா கதை வேற, அப்ப ஃபுல் திராட்டில்ல பெட்ரோல் பத்தாம போறதுக்கு வாய்ப்பு நிறைய. பவர் கமாண்டர் மாதிரி பிக்கிபேக்கோ (ஈசியு கூட சேத்து மாட்டற பெட்டி), ஏரேசர் மாதிரி புரோகிராம் பண்ற ஈசியுவோ போட்டு டைனோவுல (பவர் அளக்கற மெஷின்) ஏத்தி ஒழுங்கா டியூன் பண்ணணும், அந்த செலவ சேத்தா உங்க 1,500 பாதி வழியில நிக்கும். டைனோ ஷீட் காட்டி விக்கறவன் கிட்ட, முன்னும் பின்னும் ஒரே நாள்ல ஒரே மெஷின்ல எடுத்ததான்னு கேளுங்க. இல்லன்னா அந்த பேப்பர வச்சி பசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) கச்சான் (கடலை) மடிக்கலாம்.

திராட்டில மூடினதும் பட்-பட்னு வெடிக்கறத பத்தியும் ஒரு வார்த்தை. அது பவர் இல்ல, எரியாம வந்த பெட்ரோல் பைப்புக்குள்ள காத்து கெடச்சு எரியறது. காத்து எங்கேர்ந்து வருதுன்னா, ஒண்ணு ஜாயின்ட்ல லீக், இன்னொண்ணு புகைய சுத்தம் பண்ண கம்பெனியே எக்ஸோஸ் போர்ட்டுக்குள்ள காத்து விடற சிஸ்டம், யமஹாவுல ஏஐஎஸ்னு சொல்லுவாங்க. ஸ்லிப்-ஆன் மாத்தின அன்னிக்கே புதுசா வெடிக்க ஆரம்பிச்சா, மேப்ப குறை சொல்றதுக்கு முன்னாடி நீங்க கழட்டி மாட்டின ஜாயின்ட்ட பாருங்க, பெரும்பாலும் அங்கதான் கருப்பு கறை இருக்கும். லேசா வெடிச்சா எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது, துப்பாக்கி மாதிரி வெடிச்சா கொண்டு போய் காட்டுங்க. ஸ்பார்க் பிளக்க கழட்டி கலர் பாத்து ஜோசியம் சொல்றவங்கள நம்பி பெட்ரோல கூட்டி கொறைக்காதீங்க, இப்ப இருக்கற ஈயமில்லாத பெட்ரோல்ல அது பழைய மாதிரி தெளிவா காட்டாது.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர எடுக்கறவங்க நிறைய, எடை கொறையுது சூடு கொறையுதுன்னு. உண்மைதான், கொறையும். ஆனா அது கார்பன் மோனாக்ஸைட எரிச்சி அழிக்கிற பொருள், எடுத்துட்டா அந்த வாயு அப்படியே வெளிய வரும். தாமான் வீட்டு போர்ச்சுல கேட்ட மூடிக்கிட்டு பைக்க ஸ்டார்ட் பண்ணி சூடேத்தறவங்களுக்கு இது விளையாட்டில்ல, வாசனையே இல்லாத விஷம், போர்ச்ச ஒட்டி ஜன்னல் இருக்கற ரூம்ல குழந்தைங்க தூங்குவாங்க. இன்ஜெக்ஷன் பைக்குக்கு நின்ன இடத்துல பத்து நிமிஷம் சூடேத்தறது தேவையும் இல்ல, ஸ்டார்ட் பண்ணி ஹெல்மெட் மாட்டி மெதுவா கிளம்பி ரெண்டு மூணு கிலோமீட்டர் அடக்கி ஓட்டினா போதும்.

சமான் விஷயம், இதுல உறுதியா சொல்லக்கூடியது இவ்வளவு. 1987ஆம் வருஷத்து சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒரு பக்கம், 1974ஆம் வருஷத்து சுற்றுச்சூழல் தரச் சட்டத்துக்குக் கீழ 1987ல வந்த மோட்டார் வாகன சத்த விதிமுறை இன்னொரு பக்கம், ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா), போலீஸ், ஜபாத்தான் ஆலாம் செகித்தார் (சுற்றுச்சூழல் இலாகா) மூணு பேருமே எக்ஸோஸ் சத்தத்துக்கு நடவடிக்கை எடுக்க முடியும். நல்ல ஐரோப்பிய ஸ்லிப்-ஆன்ல வட்டத்துக்குள்ள 'ஈ' எழுத்தும் பக்கத்துல நம்பரும் அடிச்சிருக்கும், 1ன்னா ஜெர்மனி, 3ன்னா இத்தாலி, 9ன்னா ஸ்பெயின், அந்த நாட்டுல அனுமதி வாங்கினதுன்னு அர்த்தம். ஆனா ரெண்டு விஷயம் மறந்துடாதீங்க. அந்த அனுமதி குறிப்பிட்ட மாடலுக்கு, அதுவும் டிபி கில்லர் உள்ள இருக்கும்போது மட்டும்தான். அடுத்து, ரோட்பிளாக்ல நிக்கற ஆபீசருக்கு அந்த முத்திரை கவசம் இல்ல, காதுக்கு அதிகமா பட்டா ஓரங்கட்டுவாரு, அன்னிக்கு அவரு என்ன முடிவெடுப்பாருன்னு நானோ நீங்களோ முன்கூட்டி சொல்ல முடியாது. 'டிபி கில்லர் இருந்தா சமான் வரவே வராது'ன்னு எவனாச்சும் உத்தரவாதம் குடுத்தா, அந்த சமான அவனே கட்டுவானான்னு கேளுங்க. நின்ன பைக்ல சத்தம் அளக்கற முறைய தெரிஞ்சி வச்சிக்கலாம், எக்ஸோஸ் வாயிலேர்ந்து அரை மீட்டர் தூரம், 45 டிகிரி கோணம், உச்ச பவர் வர ஆர்பிஎம்ல பாதி, ஆர்25க்கு 6,000. ஃபோன் ஆப்ல அளந்தா நம்பர் சரியா இருக்காது, ஆனா ஸ்டாக்கையும் புதுசையும் ஒரே ஃபோன்ல ஒரே இடத்துல அளந்து வித்தியாசத்த பாத்துக்கலாம். 3 டெசிபல் கூடினா சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு, 10 கூடினா காதுக்கே ரெண்டு மடங்கா கேக்கும். 'அஞ்சு ஆறு டெசிபல்தானே'ன்னு அலட்சியமா சொல்லாதீங்க.

வீடு எஸ்டேட் பக்கம்னு சொன்னதாலதான் இத இவ்வளவு இழுக்கறேன். எல்பில் பக்கமும் சாலாக் பக்கமும் இன்னமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து வேலைக்கு போறவங்க இருக்காங்க, அவங்க ராத்திரி ஒம்பது மணிக்கே படுத்துடுவாங்க. ஃபேக்டரில நைட் ஷிப்ட் முடிச்சி வந்தவங்க காலைல தூங்குவாங்க. ஆக உங்க தாமான்ல எந்த நேரமும் யாரோ ஒருத்தர் தூங்கிட்டுத்தான் இருப்பாங்க. வரிசை வீட்டுல ஒரே சுவரு, அடி சத்தம் சுவத்துல ஏறி உள்ள வரும். மெயின் ரோடு வரைக்கும் மூணாவது கியர்ல உருட்டிக்கிட்டு போறது ஒண்ணும் கௌரவ குறைச்சல் இல்ல. உங்க காதுக்கும் சொல்றேன், ஹைவேல ஹெல்மெட்டுக்குள்ள காத்து சத்தமே 90 டெசிபலுக்கு மேல போகும், அதோட எக்ஸோஸும் சேந்தா கேமரன் மலை ஏறி இறங்கறதுக்குள்ள காதுல கொய்ங்னு ஆரம்பிச்சிடும். மருந்துக்கடைல விக்கற நுரை இயர்பிளக் போட்டுக்குங்க.

இப்ப ஒரிஜினலா போலியான்னு. அக்ராபோவிச் சுலோவேனியாக்காரன், யோஷிமுரா ஜப்பான்காரன், அர்ரோ, எஸ்சி-புராஜெக்ட் இத்தாலிக்காரனுங்க. ஆன்லைன்ல 250 வெள்ளிக்கு 'அக்ராபோவிச்' வந்தா அது அக்ராபோவிச் இல்ல, அத விக்கறவனுக்கும் தெரியும் வாங்கறவனுக்கும் தெரியும். போலின்னா உடனே உடஞ்சிடும்னு இல்ல, ஆனா உள்ள கோர் எப்படி வெல்டு பண்ணியிருக்கான், நாரு என்ன அடைச்சிருக்கான்னு தெரியாது, பிராக்கெட் மெல்லிசா இருந்தா நம்ம ரோட்டு பள்ளத்துல அடிச்சி அடிச்சி வெட்டுப்படும். டைட்டானியம்னு சொல்லி ஸ்டெயின்லஸ்ஸ நெருப்பு காட்டி நீலமாக்கி விப்பாங்க. காந்தம் வச்சி பாத்தா கண்டுபிடிக்கலாம்னு ஒரு பேச்சு, அது நடக்காது, 304 ஸ்டெயின்லஸ்லயும் காந்தம் ஒட்டாது டைட்டானியத்துலயும் ஒட்டாது. கையில தூக்கி பாருங்க, டைட்டானியம் கிட்டத்தட்ட பாதி எடைதான், ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம், ஸ்டெயின்லஸ் 8க்கு கிட்ட. கார்பன்னு சொல்றதுலயும் மேல படம் ஒட்டினது நிறைய, விளிம்புல நகத்தால தட்டி, வெட்டு வாய்ல நாரு தெரியுதான்னு பாருங்க. என்னக் கேட்டா, உங்க பட்ஜெட்டுக்கு நல்ல பிராண்ட் செகண்ட் ஹேண்ட் ஸ்லிப்-ஆன், விழுந்து அடிபடாதது, டிபி கில்லரும் அதோட போல்ட்டும் சேத்து குடுக்கறவன் கிட்ட வாங்கறது புத்திசாலித்தனம். அதுக்கப்பறம் நம்மூர்லயே செய்யற ஸ்டெயின்லஸ் கேன், ஆர்25க்குன்னே பிராக்கெட் போட்டு வரது, அதுவும் மோசமில்ல, உதிரி பொருளும் நாரும் பக்கத்துல கெடைக்கும். லோகோ ஸ்டிக்கர் ஒட்டின யுனிவர்சல் கேன் கடைசி.

மாட்டறதுல செய்யற தப்புதான் பாதி புகாருக்கு காரணம். ஹெட்டர வேணாம்னு சொன்னதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, சிலிண்டர் ஹெட் அலுமினியம், அதுல ஏறியிருக்கற ஸ்டட் இரும்பு, பல வருஷம் மழையிலயும் செம்மண் ரோட்டுலயும் ஓடின பைக்ல அது துரு ஏறி உள்ளயே ஒட்டிக்கும், பலமா திருகினா உடஞ்சி உள்ளயே நிக்கும், அத துளை போட்டு எடுக்கற கூலி சில நேரம் எக்ஸோஸ் விலைய தொட்டுடும். கழட்டியே ஆகணும்னா முந்தின நாள் ராத்திரியே துரு விடற எண்ணெய் அடிச்சி ஊறவிட்டு, முன்னும் பின்னுமா கொஞ்சம் கொஞ்சமா அசைச்சி எடுக்கணும், கேஸ்கெட் புதுசுதான் போடணும். ஸ்லிப்-ஆன்னா எல்லா கிளாம்ப்பையும் பிராக்கெட்டையும் முதல்ல தளர்வா மாட்டி, கேன் தானா உக்காரற இடத்துல உக்காந்த பிறகுதான் இறுக்கணும், இழுத்து வளைச்சி போல்ட்ட சொருகினா அந்த அழுத்தம் பிராக்கெட்லயே நிக்கும், ஒரு நாள் வெடிப்பு விடும். ஸ்விங்ஆர்ம் முழுசா மேல ஏறும்போது கேன்ல இடிக்குமா, பின்னாடி உக்காரறவங்க கால் படுமான்னு ஆள உக்கார வச்சே பாருங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்பிரிட்டு தொட்ட துணியால கேன முழுசா துடைச்சிடுங்க, இல்லன்னா உங்க கைரேகை சூட்டுல வெந்து ஸ்டெயின்லஸ்ல அப்படியே நிரந்தரமா நிக்கும். ஓடி ஆறினதும் ஒரு தடவ எல்லா போல்ட்டையும் திரும்ப இறுக்கணும். முதல் ஓட்டத்துல கொஞ்சம் புகை வரும், உள்ள இருக்கற எண்ணெய் எரியறது, பயப்படாதீங்க.

எஸ்டேட் ரோட்டுல ஓட்டறீங்கன்னா கீழ தாழ்வா வாய் வச்ச டிசைன் வேணாம், செம்பனை லாரி போன சேறு நேரா உள்ள போகும். கேனுக்கு அடியில தண்ணி வடியற குட்டி ஓட்டை இருந்தா அத அடைச்சிக்காம பாத்துக்குங்க. உரம் கொட்டின பாதையில போய்ட்டு வந்தா எஞ்சின் நல்லா ஆறின பிறகு தண்ணி ஊத்தி கழுவிடுங்க, உர உப்பு ஸ்டெயின்லஸ்ஸையே கூட புள்ளி புள்ளியா அரிச்சிடும்.

பவர்தான் வேணும்னு பிடிவாதமா இருந்தா நான் வேற வழி சொல்லுவேன், கோவிச்சிக்காதீங்க. ஆர்25 ஸ்டாக் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடற பல் சக்கரம்) முன்னாடி 14 பல், பின்னாடி 43. முன்னாடி 13 போட்டா எல்லா கியர்லயும் சுமார் 8 விழுக்காடு இழுவை கூடும், அதுவும் நீங்க தினம் ஓட்டற 5,000, 6,000லயே கையில உணரலாம், செலவு எக்ஸோஸ்ல பத்துல ஒரு பங்கு கூட வராது. ஹைவேல அதே வேகத்துக்கு எஞ்சின் கொஞ்சம் அதிகமா சுத்தும், பெட்ரோலும் கொஞ்சம் கூட போகும், அத ஏத்துக்கணும். செகண்ட் ஹேண்ட் பைக்குன்னா டயரோட தேதிய பாத்தீங்களா, செயின் எப்படி இருக்கு, வால்வு கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) எப்பவாச்சும் பாத்திருக்காங்களான்னு கேட்டீங்களா? கெட்டிப்பட்டுப் போன டயர்ல மழை நேரத்துல சிம்பாங் பூலாய்லேர்ந்து கேமரன் மலை ஏறறவரு எக்ஸோஸ பத்தி யோசிக்கறது எனக்கு புடிக்கல. அந்த 1,500ல முதல்ல டயரு, மிச்சத்துல செகண்ட் ஹேண்ட் ஸ்லிப்-ஆன், இதான் நான் என் சொந்தத் தம்பிக்கு சொல்லியிருப்பேன்.

நாளைக்கு வெளிச்சத்துல பைக்க ஸ்டாண்டு போட்டு, கேன் ஜாயின்ட் ஆகற இடத்துல மிட்-பைப்போட (ஹெட்டருக்கும் கேனுக்கும் நடுவுல இருக்கற பைப்) வெளி விட்டத்த வெர்னியர்ல அளந்து எழுதுங்க. ஹெட்டர் ஸ்டட் எந்த கதியில இருக்கு, கேன் பிராக்கெட்டு எப்படி இருக்கு, ரெண்டையும் கிட்ட வச்சி படம் எடுங்க. 2019க்கு முந்தின மாடலா பிந்தினதா, முன்னாடி ஃபோர்க் தலைகீழ் டைப்பான்னும் சேத்து கீழ போடுங்க. விக்கறவன் கிட்ட எந்த மாடலுக்கு செஞ்ச பிராக்கெட்னு கேக்கறதுக்கு அந்த மூணும் வேணும், அது இல்லாம டெபாசிட் கட்டிடாதீங்க.